சவ்வூடு பரவல்

சவ்வூடு பரவல் என்பது, ஒருகூறு புகவிடும் சவ்வு ஒன்றின் ஊடாக, கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கரைபொருள் மிகுந்த பக்கத்திற்குக் கரைப்பான் மூலக்கூறுகள் தாமாகவே நகரும் நிகழ்வு ஆகும். பெரும்பாலான நேரங்களில் இங்கு கரைப்பான் என்பது நீரையே குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் இந்நிகழ்வு பிரசாரணம் என்று அழைக்கப்படுகிறது.

வேர்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதும், உப்பிட்ட மாவடு தன் நீரைத் தானே வெளிவிடுவதும், உவர் நிலத்தில் பயிர் வாடுவதும் இந்நிகழ்வின் விளைவுகளே. இதனை எதிர்த்திசையில் நிகழச் செய்வதன் மூலம் கடல் நீர் குடிநீராக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் நெம்மேலி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் அமைந்துள்ள ஆலைகளும், வீடுகளிலும் சிற்றூர்களிலும் காணப்படும் "ஆர்.ஓ." இயந்திரங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

நீர் மூலக்கூறும் கரைபொருளும்

நீர் மூலக்கூறு ஒன்றில் ஓர் ஆக்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள்ளன. இவை நேர்கோட்டில் அமையாமல், ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து அமைந்துள்ளன. ஆக்சிசன் எதிர்மின்னிகளைத் தன்பால் கூடுதலாக ஈர்த்துக்கொள்வதால், அதன் பக்கம் சிறிதளவு எதிர்மின் தன்மையும், ஐதரசன் பக்கம் சிறிதளவு நேர்மின் தன்மையும் ஏற்படுகின்றன. இதனால் நீர் ஒரு முனைவுறு மூலக்கூறு ஆகும்.

சமையல் உப்பு (சோடியம் குளோரைடு) நீரில் இடப்படும்போது, நீர் மூலக்கூறுகளின் ஆக்சிசன் முனைகள் சோடியம் அயனியையும், ஐதரசன் முனைகள் குளோரைடு அயனியையும் சூழ்ந்துகொள்கின்றன. உப்புப் படிகம் சிதைந்து அயனிகள் தனித்தனியே பிரிந்து நீரில் உலவுகின்றன. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஒட்டி ஏறத்தாழ ஆறு நீர் மூலக்கூறுகள் ஓர் உறைபோல் அமைகின்றன. இவ்வுறையிலுள்ள மூலக்கூறுகள் நிலையாகத் தங்குவதில்லை. அவை இடைவிடாது இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை. அதன் மூலக்கூறுகள் முழுமையாகவே இருந்து, நீருடன் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு கரைகின்றன.

இவ்வேறுபாடு முக்கியமானது. ஒரு மோல் சர்க்கரை கரைந்தால் ஒரு மோல் துகள்கள் கிடைக்கின்றன. ஒரு மோல் உப்பு கரைந்தாலோ இரண்டு மோல் துகள்கள் கிடைக்கின்றன. சவ்வூடு பரவலைத் தீர்மானிப்பது துகள்களின் எண்ணிக்கையே. அவை எவ்வகைத் துகள்கள் என்பது அன்று.

நிகழும் முறை

நீரை மட்டும் புகவிட்டு, கரைபொருளைத் தடுக்கும் சவ்வு ஒன்று ஒரு கலனை இரண்டாகப் பிரிப்பதாகக் கொள்வோம். இடப்பக்கம் தூய நீரும், வலப்பக்கம் உப்புக் கரைசலும் உள்ளன. இரு பக்கங்களிலிருந்தும் நீர் மூலக்கூறுகள் சவ்வைக் கடந்தவண்ணமே உள்ளன. எனினும் கரைசலில் உள்ள நீரின் தப்பிச்செல்லும் இயல்பு தூய நீரைக் காட்டிலும் குறைவாக உள்ளது. ஆகவே வலமிருந்து இடம் வரும் மூலக்கூறுகளை விட, இடமிருந்து வலம் செல்லும் மூலக்கூறுகள் மிகுதியாகின்றன. இந்த வேறுபாடே சவ்வூடு பரவலாக நமக்குத் தெரிகிறது.

வெப்ப இயக்கவியலின்படி, கரைபொருள் சேரும்போது நீரின் வேதியியல் அழுத்தம் குறைகிறது. உயரத்திலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வதைப் போன்று, வேதியியல் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு நீர் நகர்கிறது. கரைசல் நீர்த்துப் போவதால் ஒட்டுமொத்த அமைப்பின் ஒழுங்கின்மை கூடுகிறது. இதுவே இந்நகர்வின் அடிப்படைக் காரணம் ஆகும்.

இது தொடர்பாக இரண்டு தவறான கருத்துகள் பரவலாக உள்ளன.

முதலாவது, உப்பு நீரை "இழுக்கிறது" என்பது. அயனிகள் அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஈர்ப்பது உண்மையே. ஆயினும் நீருடன் வலுவாகப் பிணையும் கரைபொருளும், வலுவற்றுப் பிணையும் கரைபொருளும், நீர்த்த கரைசல்களில் துகள் எண்ணிக்கை சமமாக இருந்தால் ஏறத்தாழ ஒரே விளைவையே தருகின்றன. ஆகவே ஈர்ப்பு மட்டும் இதற்குக் காரணமாகாது.

இரண்டாவது, கரைபொருள் துகள்கள் சவ்வின் துளைகளை அடைத்து நீரின் வழியை மறிக்கின்றன என்பது. 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் ஒரு துகளுக்கு ஏறத்தாழ 180 நீர் மூலக்கூறுகள் உள்ளன. துளைகளை அடைக்கும் அளவிற்கு இங்கு துகள்கள் இல்லை.

சவ்வூடு பரவல், பரவல் என்னும் நிகழ்வினின்றும் வேறானது. சவ்வு ஏதுமின்றி, நீரில் இட்ட மைத்துளி எங்கும் விரவுவது பரவல் ஆகும். அங்கே கரைபொருளும் நகர்கிறது. உலர்ந்த கொண்டைக்கடலை நீரில் ஊறி உப்புவதும் தொடக்கத்தில் சவ்வூடு பரவல் அன்று. விதையிலுள்ள மாப்பொருளும் புரதமும் நீரைத் தம்மீது ஏற்றுக்கொள்வதால் நிகழும் இது, உள்ளீர்த்தல் எனப்படும்.

சவ்வூடு பரவல் அழுத்தம்

கரைசல் உள்ள பக்கத்தில் தக்க அழுத்தம் ஒன்றைக் கொடுத்தால் நீரின் வரவு நின்றுவிடும். அவ்வாறு நிறுத்துவதற்குத் தேவையான மிகக் குறைந்த அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம் ஆகும். நீர்த்த கரைசல்களுக்கு இதனைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

சவ்வூடு பரவல் அழுத்தம் = வான்ட் ஹாஃப் காரணி × மோலார் செறிவு × வளிம மாறிலி × தனி வெப்பநிலை

வான்ட் ஹாஃப் காரணி என்பது, கரையும் ஒவ்வோர் அலகும் எத்தனைத் துகள்களாகப் பிரிகிறது என்பதைக் குறிக்கும். சர்க்கரைக்கு இது 1. சமையல் உப்பிற்கு ஏறத்தாழ 2.

எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள கிணற்று நீரைக் கொள்வோம். உப்பின் மோலார் நிறை 58.44 ஆதலால் செறிவு 0.034 மோல் ஆகும். 30 பாகை செல்சியசு (303 கெல்வின்) வெப்பநிலையில் இதன் அழுத்தம் ஏறத்தாழ 1.7 பார் எனக் கிடைக்கிறது. இது 17 மீட்டருக்குச் சற்று மிகுதியான உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கொண்ட கடல் நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 27 பார் ஆகும். அதாவது, ஏறத்தாழ 275 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். நாவில் உப்புக் கரிப்பாக மட்டுமே தெரியும் ஒன்று இத்தகைய பெரும் அழுத்தத்தை உடையது என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

1748 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சான் அந்துவான் நொலே, சாராயம் நிரப்பிய கலன் ஒன்றின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீரில் அமிழ்த்தினார். சில மணி நேரத்தில் நீர் உட்புகுந்து, பையின் தோல் வெளிப்புறமாகப் புடைத்தது. சவ்வூடு பரவல் பற்றிய முதல் அறிவியற் பதிவாக இது கருதப்படுகிறது. 1820களில் ஆன்றி துத்ரோசே இந்நிகழ்வை உயிரணுக்களோடு தொடர்புபடுத்தி ஆய்ந்து, இன்றைய ஐரோப்பியப் பெயருக்கு அடிப்படையான சொற்களை உருவாக்கினார்.

செருமானியத் தாவரவியலாளர் வில்லெம் பெஃபர், செயற்கைச் சவ்வுகளைப் பயன்படுத்திச் சர்க்கரைக் கரைசல்களின் அழுத்தத்தை அளந்து 1877 இல் வெளியிட்டார். அந்த அளவீடுகளை ஆராய்ந்த டச்சு வேதியியலாளர் யாக்கோபசு வான்ட் ஹாஃப், நீர்த்த கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் வளிமங்களின் விதியை ஒத்திருப்பதைக் கண்டறிந்தார். 1901 இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு இவருக்கே வழங்கப்பட்டது. வேதி இயக்கவியல் விதிகளும் கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தமும் இப்பரிசிற்கான காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன.

உயிரணுச் சவ்வினூடே நீர் இத்தனை விரைவாகச் செல்வது எவ்வாறு என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1990களின் தொடக்கத்தில் பீட்டர் ஆக்ரே குழுவினர், நீரை மட்டும் செலுத்தும் புரதக் கால்வாய்களை இனங்கண்டனர். அக்குவாபோரின்கள் எனப்படும் இவற்றில் ஒன்றின் வழியே நொடிக்கு நூறு கோடி என்னும் அளவில் நீர் மூலக்கூறுகள் செல்ல இயலும். இக்கண்டுபிடிப்பிற்காக ஆக்ரே 2003 இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உயிரணுக்களில்

உயிரணுவைச் சூழ்ந்துள்ள கரைசல்கள் மூவகைப்படும்.

ஒத்த செறிவுக் கரைசல்: உள்ளும் புறமும் சவ்வூடு பரவல் அழுத்தம் சமம். நிகர நீர் நகர்வு இல்லை.

குறை செறிவுக் கரைசல்: புறத்தே கரைபொருள் குறைவு. நீர் உயிரணுவினுள் புகும்.

மிகை செறிவுக் கரைசல்: புறத்தே கரைபொருள் மிகுதி. நீர் உயிரணுவிலிருந்து வெளியேறும்.

செங்குருதியணுக்களைத் தூய நீரில் இட்டால் அவை உப்பி வெடித்துவிடும். செறிந்த உப்பு நீரில் இட்டால் சுருங்கிவிடும். தாவர உயிரணுக்களுக்கு உறுதியான செல்சுவர் இருப்பதால் அவை வெடிப்பதில்லை. உட்புகும் நீர் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. இது விறைப்பழுத்தம் எனப்படும். கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இவ்வழுத்தத்தால்தான். வாடிய கீரையின் மீது நீர் தெளித்து வைத்தால் மீண்டும் நிமிர்வதும் இதனாலேயே. மிகை செறிவுக் கரைசலில் தாவர உயிரணுவின் உட்பொருள் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். இது பிளாஸ்மா சிதைவு எனப்படும்.

சமையலறையில்

உணவை உப்பிட்டோ சர்க்கரையிட்டோ காக்கும் முறைகள் யாவும் சவ்வூடு பரவலைச் சார்ந்தவை. மாவடுவில் கல்லுப்பைச் சேர்த்துக் குலுக்கி வைத்தால், தனியே நீர் ஊற்றாமலேயே ஓரிரு நாட்களில் அது நீர் விட்டு, வடு சுருங்கிவிடும். மாவடுவின் உயிரணுக்களிலிருந்து வெளிவந்த நீரே அது. நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சில் உப்புத் தூவினால் நீர் கசிவதும் இவ்வாறே.

ஊறுகாயிலும் கருவாட்டிலும் விழும் நுண்ணுயிர்கள் இதே விளைவுக்கு ஆளாகின்றன. அவற்றின் உடலிலிருந்து நீர் வெளியேறிவிடுவதால் அவை பெருக இயலாது. உப்பு குறைந்த ஊறுகாய் விரைவில் பூஞ்சணம் பிடிப்பதன் காரணம் இதுவே.

வேளாண்மையில்

வேர்த்தூவிகளின் உயிரணுக்களில் உள்ள கரைபொருள், மண்ணிலுள்ள நீரில் இருப்பதை விட மிகுதி. எனவே நீர் வேருக்குள் புகுகிறது. மண்ணீரில் உப்பு கூடும்போது இந்த வேறுபாடு குறைகிறது. மண் ஈரமாக இருந்தும் பயிர் நீரின்றி வாடும் நிலை இவ்வாறு உண்டாகிறது. இது உடலியல் வறட்சி எனப்படும். அளவுக்கு மிஞ்சி யூரியா இட்ட பயிர் கருகுவதற்கும் இது ஒரு காரணமாகும்.

மண்ணின் உப்பு மின்கடத்துதிறன் மூலம் அளக்கப்படுகிறது. மண்ணிலிருந்து எடுக்கப்படும் நிறைநிலைச் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சைத் தாண்டினால், அது உவர் நிலம் எனப்படுகிறது. அச்சாற்றின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 1.4 பார் ஆகும். நெற்பயிரின் விளைச்சல் 3 டெசிசீமன்சு அளவிலேயே குறையத் தொடங்குகிறது.

விதை நேர்த்தியிலும் இதனைக் காணலாம். விதைநெல்லைத் தெரிவு செய்ய, முட்டை மிதக்கும் அளவிற்கு உப்பைக் கரைத்த நீரில் நெல்லை இடுவர். மிதக்கும் பதர் நீக்கப்பட்டு, அமிழ்ந்த விதை எடுத்துக்கொள்ளப்படும். பின்னர் அவ்விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுதல் கட்டாயம். நெல் மிதப்பதும் அமிழ்வதும் அடர்த்தியைப் பொறுத்தவை. ஆனால் கழுவவேண்டிய தேவை சவ்வூடு பரவலைப் பொறுத்தது. உப்பு ஒட்டியிருந்தால் விதை போதிய நீரைப் பெறாது, முளைப்பு குறையும்.

ஏரி நீரும் கிணற்று நீரும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் பகுதி ஏரிப் பாசனத்திற்குப் பெயர் பெற்றது. குடவோலை முறையை விளக்கும் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கிபி 919, 921) இவ்வூரில் உள்ளன. ஊராட்சிப் பணிகளைக் கவனித்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என அவற்றால் அறியலாம். பல்லவர் காலத்தைச் சேர்ந்த இங்குள்ள பெரிய ஏரி, கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று குறிக்கப்படுகிறது. மழைநீருடன், செய்யாற்றிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீரும் இவ்வேரிக்கு ஆதாரமாகும்.

மண்ணின் மேலோடி வரும் மழைநீர் பாறைகளுடன் நெடுநாள் உறவாடுவதில்லை. ஆகவே ஏரி நீரில் கரைந்த உப்புகள் பொதுவாகக் குறைவு. பாறை வெடிப்புகளில் பல்லாண்டுகள் தங்கும் ஆழ்துளைக் கிணற்று நீர், கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்றவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. ஏரியில் நீர் இல்லாத ஆண்டுகளில் உழவர்கள் கிணற்று நீரையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அந்நீருடன் வயலுக்கு உப்பும் வந்து சேர்கிறது.

இதன் அளவை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு போக நெல்லுக்கு 1000 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சப்படுவதாகவும், அது முழுவதும் லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீர் எனவும் கொள்வோம். ஓர் எக்டேருக்கு ஒரு கோடி லிட்டர் நீர் செல்லும். அதனுடன் 10 டன் உப்பும் செல்லும். ஏக்கர் கணக்கில் இது ஏறத்தாழ 4 டன். நீர் ஆவியாகிறது, பயிரும் நீரை எடுத்துக்கொள்கிறது. ஆனால் வேர்கள் உப்பின் பெரும் பகுதியைத் தடுத்துவிடுவதால் அது மண்ணிலேயே தங்குகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து, வடிகாலும் நன்றாக இருந்தால் இவ்வுப்பு கழுவப்பட்டுவிடும். மழை பொய்த்தாலோ வடிகால் தூர்ந்தாலோ உப்பு ஆண்டுதோறும் சேரும். ஏரிகளையும் வரத்துக்கால்வாய்களையும் வடிகால்களையும் தூர்வாருவது, நீரின் அளவைக் கூட்டுவதற்கு மட்டுமன்றி, மண்ணின் உப்பைக் குறைப்பதற்கும் இன்றியமையாதது என்பது இதிலிருந்து விளங்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் மாவட்ட வயல்களில் கடல்நீர் புகுந்தது. அங்கு மழைநீரைத் தேக்கி வடித்தல், பசுந்தாள் உரமிடல் போன்ற முறைகளால் நிலம் சீராக்கப்பட்டது. உவர் நிலத்திற்கேற்ற டிஆர்ஒய் வரிசை நெல் வகைகளும் தமிழ்நாட்டில் வெளியிடப்பட்டுள்ளன.

இயற்கையில் உப்பு நீரிலேயே வாழும் தாவரங்களும் உண்டு. பிச்சாவரம் அலையாத்திக் காடுகளிலுள்ள சுரபுன்னை, உப்பின் பெரும் பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல், உட்புகுந்த உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. அதன் இலைகளின் மீது உப்புப் படிகங்களைக் காணலாம்.

மருத்துவத்தில்

இரத்த நாளத்தில் ஏற்றப்படும் உப்பு நீரில் 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் சோடியம் குளோரைடு உள்ளது. இது குருதிக்கு ஏறத்தாழ ஒத்த செறிவு உடையது. தூய நீரை நேரடியாக நாளத்தில் ஏற்றினால் செங்குருதியணுக்கள் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரும்.

கடல் நீரைக் குடிப்பதும் ஆபத்தானது. கடல் நீரை விட உப்பு மிகுந்த சிறுநீரைச் சிறுநீரகங்களால் உண்டாக்க இயலாது. உட்கொண்ட உப்பை வெளியேற்ற, குடித்த அளவை விடக் கூடுதலான நீரை உடல் செலவிட நேரிடும். எனவே கடல் நீர் தாகத்தைத் தணிப்பதற்கு மாறாக உடலை மேலும் வறளச் செய்கிறது.

வயிற்றுப்போக்கின்போது தரப்படும் வாய்வழி நீர்ச்சத்துக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) சவ்வூடு பரவலின் மிகப் பயனுள்ள பயன்பாடுகளுள் ஒன்று. சிறுகுடல் உயிரணுக்கள் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் சவ்வூடு பரவலால் உட்செல்கிறது. வாந்திபேதியின்போதும் இவ்வழி பழுதுறாமல் இருக்கும். 1971 இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிசு இக்கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தினார். அங்கு சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

உலக சுகாதார அமைப்பு 2002 இல் பரிந்துரைத்த கரைசலில், ஒரு லிட்டர் நீரில் பின்வருவன உள்ளன:

சோடியம் குளோரைடு – 2.6 கிராம்
குளுக்கோசு – 13.5 கிராம்
பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
டிரைசோடியம் சிட்ரேட்டு – 2.9 கிராம்

இதன் மொத்தத் துகள் செறிவு லிட்டருக்கு 245 மில்லிஆசுமோல். முன்னர் பயன்பட்ட கரைசலில் இது 311 ஆக இருந்தது. செறிவைக் குறைத்ததால் குழந்தைகளுக்கு வாந்தியும், நாளம் வழி நீர் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தன.

இப்பொடியைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைத்தே கொடுக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு குவளை நீரில் கரைத்தால் அது மிகை செறிவுக் கரைசலாகிவிடும். அப்போது நீர் குடலிலிருந்து உடலுக்குச் செல்வதற்கு மாறாக, உடலிலிருந்து குடலுக்குச் செல்லும், வயிற்றுப்போக்கு கூடும், குருதியில் சோடியம் உயரும். பொட்டலம் கிடைக்காதவிடத்து, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

எதிர்ச் சவ்வூடு பரவல்

கரைசலின் மீது அதன் சவ்வூடு பரவல் அழுத்தத்தை விடக் கூடுதலான அழுத்தத்தைச் செலுத்தினால், நீர் எதிர்த்திசையில், அதாவது கரைசலிலிருந்து தூய நீர்ப் பக்கத்திற்கு நகரும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல் ஆகும். இக்கருத்து எளியது, தக்க சவ்வைச் செய்வதே கடினமாக இருந்தது. தொடக்கக் காலச் சவ்வுகள் உப்பைத் தடுத்தன. ஆனால் நீரையும் மிக மெதுவாகவே விட்டன.

இச்சிக்கலைத் தீர்த்தவர்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணியாற்றிய சிட்னி லோப், இந்தியரான சீனிவாச சௌரிராஜன் ஆகியோர் ஆவர். 1960 ஆம் ஆண்டையொட்டி இவர்கள் செல்லுலோசு அசிட்டேட்டைக் கொண்டு சீர்மையற்ற சவ்வை உருவாக்கினர். உப்பைத் தடுக்கும் மிக மெல்லிய மேற்பரப்பும், அதைத் தாங்கும் துளைகள் நிறைந்த தடித்த அடிப்பகுதியும் இதில் இருந்தன. நீர் கடக்கவேண்டிய தடையின் தடிமன் குறைந்ததால் அதன் வேகம் பன்மடங்கு பெருகியது. 1965 இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் ஊரில் இம்முறையில் குடிநீர் வழங்கப்பட்டது. சௌரிராஜன் பின்னர் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பணியாற்றினார். இன்றைய சவ்வுகள் பெரும்பாலும் பாலிஅமைடு படலத்தால் ஆனவை.

தமிழ்நாட்டில் கடல்நீர்க் குடிநீர் ஆலைகள்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010 இல் திறக்கப்பட்டது. அதே அளவு கொண்ட நெம்மேலி ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நெம்மேலி அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்குகிறது. அங்கு நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் அளவிலான இரண்டாம் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கடல் நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 27 பார் எனினும், இத்தகைய ஆலைகள் 55 முதல் 70 பார் வரையிலான அழுத்தத்தில் இயங்குகின்றன. நீர் பிரியப் பிரிய, எஞ்சும் கரைசலின் செறிவும் அழுத்தமும் கூடுவதே இதற்கு முதன்மைக் காரணம். எடுக்கப்படும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே பொதுவாகக் குடிநீராகிறது. மீதி செறிந்த உவர்நீராகக் கடலுக்குத் திரும்புகிறது. ஓர் ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகிறது. இயற்கை விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவே முக்கால் அலகு ஆதலால், தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் இச்செலவை ஓர் எல்லைக்கு மேல் குறைக்க இயலாது.

வீடுகளிலும் சிற்றூர்களிலும்

கிணற்று நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 1 அல்லது 2 பார் அளவே ஆதலால், வீட்டு இயந்திரத்திலுள்ள சிறிய ஏற்றி போதுமானது. சிற்றூர்களில் அமைக்கப்படும் பொதுக் குடிநீர் நிலையங்களும் இம்முறையிலேயே இயங்குகின்றன. உவர்நீரும் புளோரைடு மிகுந்த நீரும் உள்ள ஊர்களில் இவை பெரும் பயன் தருகின்றன. எனினும் சில வரையறைகளைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஒன்று, கழிவுநீர். வீட்டு இயந்திரங்கள் பல, தரும் நல்ல நீரை விடக் கூடுதலான நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. பிரித்தெடுத்த உப்பு அழிந்துவிடுவதில்லை; அது முழுவதும் கழிவுநீரில் உள்ளது. அதனைக் கிணற்றருகே மண்ணில் விட்டால் நிலத்தடி நீருக்கே அந்த உப்பு திரும்பும். தரை கழுவுதல் போன்றவற்றிற்கு அதனைப் பயன்படுத்தலாம். செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுவது நன்றன்று.

இரண்டு, தேவை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐஎஸ் 10500:2012) குடிநீரில் கரைந்துள்ள மொத்தத் திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இவ்வளவு 500க்குக் குறைவாக உள்ள நீருக்கு உப்பு நீக்கம் தேவையில்லை. கிருமிகளே சிக்கல் எனில், காய்ச்சி ஆறவைத்தல் போதும்.

மூன்று, அளவியின் எல்லை. கரைந்த திண்மங்களைக் காட்டும் சிறு கருவி, நீரின் மின்கடத்துதிறனையே அளக்கிறது. கிருமிகளையோ, சிறிதளவு இருந்தாலே நஞ்சாகும் பொருட்களையோ அது தனியே காட்டாது. எண் குறைவாக இருப்பதாலேயே நீர் நல்ல நீர் என்று முடிவு செய்யலாகாது. ஐயமுள்ள கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிப்பதே முறை.

எளிய செய்முறைகள்

உருளைக்கிழங்கு: ஒரே அளவாக வெட்டிய இரு உருளைக்கிழங்குத் துண்டுகளில் ஒன்றை நல்ல நீரிலும், மற்றொன்றைச் செறிந்த உப்பு நீரிலும் இரண்டு மணி நேரம் இடவேண்டும். முதல் துண்டு விறைத்தும், இரண்டாம் துண்டு துவண்டும் இருக்கும். முன்னும் பின்னும் எடை பார்த்தால் நீரின் நகர்வை எண்ணாலும் அறியலாம்.

முட்டை: பச்சை முட்டையை ஒரு நாள் வினிகரில் வைத்தால் ஓடு கரைந்து சவ்வு மட்டும் எஞ்சும். அதனை நீரில் வைத்தால் உப்பும். செறிந்த சர்க்கரைப் பாகில் வைத்தால் சுருங்கும். ஒரே முட்டையை மாற்றி மாற்றி வைத்து, நகர்வின் திசை மாறுவதையும் காணலாம்.

இவற்றையும் பார்க்க

பரவல்
கரைசல்
விறைப்பழுத்தம்
கடின நீர்
கடல்நீர் உப்பகற்றல்
உத்திரமேரூர்